பற்று விட்டால் பாட்டு நிற்கும்

பாடல் உயரும் வேளையில் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் கரகரவென்று இரைந்து ஓய்ந்துபோவதைப் பல சபைகளில் காண்கிறோம். வயரை அசைத்தால் சத்தம் வருகிறது. கையை எடுத்தால் போய்விடுகிறது. பெட்டி கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதிருங்கள். முதலாவது, வேறொரு நல்ல வயரைச் செருகிப் பாருங்கள். குறை நீடித்தால், உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கக்கூடும். பொறுமையுள்ள வாலிபர் ஒருவர் இதைக் கற்றுச் செய்யலாம்.

திறக்குமுன் எச்சரிக்கை

வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரில் 300 முதல் 500 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். புதிதாய்க் கற்கிறவர் அதைத் திறக்கலாகாது. டிரான்சிஸ்டர் வகைச் சிறிய பெட்டியே தொடங்குவதற்கு ஏற்றது. அதிலும் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பெரிய கெப்பாசிட்டர்களை அளந்து, பூஜ்யத்தை நெருங்கிய பின்பே கைவையுங்கள். 230 வோல்ட் வரும் சுவிட்ச், ஃப்யூஸ், டிரான்ஸ்பார்மர் பக்கத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

குறையைக் காணுதல்

அடிக்கடி இழுபடும் இடங்களே முதலில் பற்று விடும். வயர் செருகும் ஜாக்கையும், திருகுகிற வால்யூம் கண்ட்ரோல்களையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பின்னைச் சுற்றி வளையம்போல் மெல்லிய விரிசல் தெரிந்தால் அதுவே குறை. காரீயம் கலவாத ஈயம் இயல்பிலேயே மங்கலாயிருக்கும்; ஆகையால் மங்கலை மாத்திரம் கண்டு தீர்மானிக்க வேண்டாம்.

பற்றவைக்கும் முறை

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்து, நடுவில் ரோசின் உள்ள ஈயக்கம்பி போதும். அது 183 முதல் 190 டிகிரி செல்சியஸில் உருகும். சால்டரிங் அயர்னின் முனை ஏறக்குறைய 350 டிகிரியில் இருக்கட்டும். குழாய் வேலைக்குரிய அமிலப் பசை ஆகாது. அது செம்பை அரித்துவிடும்.

பழைய ஈயத்தை உறிஞ்சும் பம்ப்பினால் எடுத்துவிடுங்கள். பின்னையும் பலகையின் செம்பையும் ஒருங்கே 2, 3 விநாடிகள் சூடாக்கி, ஈயத்தை இணைப்பிலே தொடுங்கள். அது பரவியதும் முதலில் ஈயத்தையும் பின்பு அயர்னையும் எடுங்கள். ஆறும்வரை அசையக்கூடாது, அசைந்தால் மறுபடியும் குறையுள்ள பற்றே உண்டாகும். அதிக நேரம் சுட்டால் செம்புப் பூச்சு பெயர்ந்துவிடும்.

ஜன்னலைத் திறந்துவையுங்கள், பிள்ளைகளை அருகே விடாதிருங்கள், முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, டெல்லியின் லாஜ்பத் ராய் மார்க்கெட் ஆகிய இடங்களில் இக்கருவிகள் கிடைக்கும். முன்னதாக உதவாத பழைய பலகையொன்றில் இருபது முறையாவது பழகுங்கள். பற்றவைத்த இடம் மறுபடியும் விட்டால் ஜாக்கே தளர்ந்திருக்கலாம், அதை மாற்றிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மூடிவைத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பெட்டியைக்காட்டிலும் உங்கள் ஜீவன் விலையேறப்பெற்றது.