உங்களுக்குத் தெரியுமா? அம்பத்தூரின் பலமும் பலவீனமும்

1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, தெற்காசியாவின் மிகப்பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று. அதன் பலமே பக்கத்து ஷெட்தான். ஓர் உதிரிபாகத்தை இங்கே லேத்தில் கடைந்து, அடுத்த தெருவில் ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து, அதற்கடுத்த தெருவில் பிளேட்டிங் முடித்து டெம்போவில் ஏற்றிவிடலாம். ஆனால், வேலையில் பெரும்பகுதி வாகனத் துறையை நம்பியது. வண்டி விற்பனை படுத்தால் லேத்தும் படுத்துவிடும். செய்த வேலைக்குப் பணம் வருவதும் ஒரு பாடு: சரக்கு வாங்கியவர்கள் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். (பில்லோடு அலைபவர்களிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்!) 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தும் வடிகால் கவலை தீரவில்லை; 2015 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்து மெஷின்கள் நின்றுபோன பட்டறைகள் ஏராளம்.