டிரெய்லருக்கு ஏற்ற கொக்கி

பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையிலுள்ள கடற்கரைக் கிராமங்களில் உப்பும் எருவும் சவுக்குக் கட்டைகளும் டிராக்டரில் செல்கின்றன. டிரெய்லரை விலை பேசும் நிலச்சுவான்தார்கள் கொக்கியைக் கவனிப்பது அரிது. இருசக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் விழுமாதலால், அதற்குக் கனத்த கொக்கியே வேண்டும். மாட்டு வண்டியைப் போலவே இதிலும் முன்பாரம், பின்பாரம் உண்டு. பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரங்கள் ஈரமண்ணில் வீணே சுழலும். கொக்கியைப் பின் அச்சுக்கு மேலே உயர்த்திப் பூட்டுவதோ உயிருக்கே அபாயம். முன்சக்கரங்கள் தூக்கி, யந்திரம் ஓட்டுபவர்மீதே கவிழக்கூடும். பெரிய லாரிகளில் பின் அச்சின் மீது அமையும் ‘ஐந்தாம் சக்கரம்’ என்னும் தட்டு நமது வயல்வேலைக்கு அவசியமில்லை. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாகையால், பூட்டாணியை அடிக்கடி கழற்றிப் பார்த்து, தேய்ந்திருப்பின் மாற்றுக. காப்புச் சங்கிலியின்றி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுவோரைக் கிராம அதிகாரிகள் தடுத்தல் நலம்.