பள்ளிவாசல் இணையதளத்தில் அந்நியர் ஜன்னல்

ரமலான் நெருங்கினால் ஜமாஅத் இணையதளங்கள் சுறுசுறுப்பாகிவிடும். தொழுகை நேரம், பயான் வீடியோ, ஜகாத் படிவம் எல்லாம் பெரும்பாலும் வேறு தளங்களிலிருந்து வருபவை. நம் பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்து அவற்றைக் காட்டுகிறோம். இந்த ஜன்னலுக்கு ஐஃப்ரேம் என்று பெயர். ஜன்னல் வைப்பதில் தவறில்லை. அதில் என்ன தெரிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதுதான் கேள்வி.

சில தளங்களில், லிங்க்கின் கடைசியில் எந்த முகவரி இருக்கிறதோ அதுவே ஜன்னலில் திறக்கும். லிங்க்கை மாற்றினாலே புதுப் பயான் வந்துவிடும் என்ற வசதிக்காகச் செய்தது. மோசடிக்காரனுக்கும் அதே வசதி! தன் முகவரியை வாலில் ஒட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். தொடக்கத்தில் நம் ஜமாஅத் பெயர் இருப்பதால் மக்கள் நம்பித் திறக்கிறார்கள். உள்ளே இருப்பதோ அவனுடைய ஜகாத் படிவம்.

இதைவிட மோசமானது ஒன்றுண்டு. ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்க வேண்டிய முகவரி ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று தொடங்கினால், அது பக்கம் அல்ல, கட்டளை. நம் தளமே சொன்னதாக எடுத்துக்கொண்டு பிரவுசர் அதை நிறைவேற்றும். லாகின் செய்திருக்கும் நிர்வாகி அந்த லிங்க்கைத் திறந்தால், நன்கொடைக்கான கியூஆர் கோடைக்கூட அவர் பெயரிலேயே மாற்றிவிட முடியும். இதுவே கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்.

ஆபத்தான சொற்களைத் தடுத்தால் போதாதா? மைஸ்பேஸ் தளம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லைத் தடுத்துத்தான் வைத்திருந்தது. 2005 அக்டோபரில் சாமி கம்கர் என்ற இளைஞர் அந்தச் சொல்லை நடுவில் உடைத்து இரண்டு வரிகளில் எழுதினார். தடுப்பு ஏமாந்தது, பிரவுசர் சேர்த்துப் படித்துக்கொண்டது. ஒரே நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பக்கங்களில் அவருடைய நிரல் பரவியது. அது ஐஃப்ரேம் வழியாக வந்ததல்ல. ஆனால் ஓட்டை இதே வகைதான்.

ஆகவே அனுமதிப் பட்டியல் வேண்டும். நமக்குத் தேவையான நாலைந்து தளங்கள் மட்டும் அதில் இருக்கட்டும். பெயரையும் முழுமையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ‘யூடியூப்’ என்ற எழுத்துகள் எங்கோ இருக்கின்றன என்று விட்டால் போலியும் நுழைந்துவிடும். முல்லா வீதிக்காரர் என்று சொன்னதுமே ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா? ஸலாம், ஸல்லாம் என அரபியில் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் அறிவிப்பாளர் பெயர்களைப் பிரித்தறிய, முஃதலிஃப் முக்தலிஃப் என்று தனிக் கலையையே வளர்த்தவர்கள் நம் ஹதீஸ் அறிஞர்கள்.

தளம் அமைத்துத் தந்தவரிடம் இந்தப் பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே திறக்கும் பக்கத்தின் கைகளைக் கட்டும் ‘சாண்ட்பாக்ஸ்’ கட்டுப்பாட்டையும் போடச் சொல்லுங்கள். யாராவது பணம் இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.