பெறுமதிமிக்க ஊழியர் உருவாவது எப்படி?

"நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை." நமது வர்த்தகர்கள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் கேட்கும் முறைப்பாடு இது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர்கள் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். அவர்களில் கடைகளில் நன்கு பழகிய கைகளும் அடங்குவர்.

ஆனால் நல்ல ஆள் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? நேரத்துக்கு வருபவர், எதிர்த்துப் பேசாதவர், லீவு கேட்காதவர் என்பதே பலரது கணக்கு. இவை தேவைதான், எனினும் போதுமானவை அல்ல. சொன்னதைச் செய்பவர் நல்ல ஊழியர். சொல்வதற்கு முன்பே தேவையை அறிந்து செய்பவரே பெறுமதிமிக்க ஊழியர்.

அத்தகையவரிடம் சில பண்புகளைக் காணலாம்.

1. கெட்ட செய்தியை முதலில் சொல்வார்

பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே சிறுவர் ஆடைகளில் குறிப்பிட்ட அளவுகள் முடிந்துவருவதை முதலாளிக்கு அறிவிப்பவர், கடைசி இரவு "அது முடிந்துவிட்டது" என்று வாடிக்கையாளருக்குச் சொல்பவரை விடப் பன்மடங்கு பெறுமதியானவர். காசோலை திரும்பியதையும் சரக்கு பழுதானதையும் மறைக்காமல் உடனே சொல்பவரும் அப்படியே.

2. விலையின் பின்னால் உள்ள கணக்கை அறிவார்

2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அப்படியான நாட்களில் பழைய விலைப்பட்டியலைப் பார்த்துப் பெரிய ஓடர் ஒன்றுக்கு விலை கூறினால், விற்ற பணத்தில் அதே சரக்கைத் திரும்பக் கொள்வனவு செய்ய முடியாது. "இதை மீண்டும் வாங்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டுவிட்டு விலை சொல்பவர் முதலைக் காப்பாற்றுகிறார்.

3. வாடிக்கையாளரைத் தக்கவைப்பார்

கேட்ட பொருள் இல்லையென்றால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, சரக்கு வந்ததும் அறிவிப்பார். விற்பனையை மட்டுமன்றி உறவையும் பார்ப்பார்.

4. தெரிந்ததைப் பிறருக்கும் கற்றுக்கொடுப்பார்

தான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிட வேண்டும் என்று நினைப்பவர் கடைக்குச் சுமை. விநியோகத்தரின் விபரங்களையும் கடன் கணக்கையும் மற்றவரும் விளங்கும் வகையில் எழுதி வைப்பவரே மேலே உயரத் தகுதியானவர்.

முதலாளியின் பங்கு

இப்பண்புகள் தானாக வளர்வதில்லை. கெட்ட செய்தி சொன்னவரையே ஏசினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கொள்வனவு விலையை மறைத்தால் ஊழியர் விலைக்கணக்கை எங்கே படிப்பார்?

"எல்லாம் கற்றுக்கொடுத்தால் நாளை எதிரே கடை போடுவான்" என்ற பயம் பலருக்கு உண்டு. சிலர் போடத்தான் செய்வார்கள். நம்மில் எத்தனையோ பேர் இன்னொருவரின் கடையில் தொழில் பழகித்தானே முதலாளியானோம்? மறைத்து வைப்பதால் ஊழியர் நிலைத்துவிடுவதில்லை. திறமையுள்ளவர் படிக்க வேறு இடம் தேடிப் போவார். திறமையற்றவரே நம்மிடம் எஞ்சுவார்.

உரிமைகளை ஒழுங்காக வழங்குவதும் அவசியம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதத்துடன் தொழில்தருநரின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநரின் 3 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற அடிப்படையில் பணிக்கொடையும் உரியது. எதிர்காலத்துக்கு எதுவும் சேராத இடத்தில் யாரும் தன் எதிர்காலத்தைத் தேடமாட்டார்.

உங்கள் கடையின் நிலையை அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு நாள் கடைக்குப் போகாமல் இருந்து பாருங்கள். அன்று தொலைபேசியில் உங்களிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதுங்கள். நீங்கள் இதுவரை கற்றுக்கொடுக்காத பாடங்களின் பட்டியல் அதுவே. மறுநாள் அதில் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.