சதுரங்கப் பலகையும் சுரப்பிகளும்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மாமல்லபுரம். 2022இல் அங்கே சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததை அறிவீர்கள். சென்னைச் சிறுவர் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களிலும் வென்றார். பத்தாம் சுற்றில் வெற்றி வாய்ப்பை நழுவவிட்டு, உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் தோற்றார்.

நாற்காலியில் அமர்ந்து காய் நகர்த்துபவரின் உடலில் என்ன மாறிவிடும் என்கிறீர்களா? அமெரிக்காவில் ஆலன் மசூர் குழுவினர் சதுரங்க ஆட்டக்காரர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளந்து, 1992இல் முடிவை வெளியிட்டனர். (ஊசி குத்தினால் அதுவே தனிப் பதற்றம் அல்லவா!) தோற்றவர்களைவிட வென்றவர்களிடம் அது மிகுந்திருந்தது. சில வேளைகளில் ஆட்டம் தொடங்குமுன்பே உயர்ந்தது.

வேடிக்கை பார்ப்பவரும் தப்பவில்லை. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தில் பிரேசில் வென்றபோது, தொலைக்காட்சியில் பார்த்த பிரேசில் ஆண் ரசிகர்களிடம் இதே ஹார்மோன் ஏறியது. இத்தாலி ரசிகர்களிடம் இறங்கியது. பந்தை அவர்கள் தொடவேயில்லை!

பதற்றத்துக்கு வேறொரு ஹார்மோன் உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும். அது இரத்தத்தின் வழியே, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்த அட்ரினல் சுரப்பியை எழுப்பும். கார்ட்டிசால் சுரந்து இரத்தச் சர்க்கரையைக் கூட்டும். உப்பளத்தில் வியர்வை வழிய உழைப்பவரின் உடலில் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனும் இதே சுரப்பியின் சரக்குதான்.

கார்ட்டிசால் மிகுந்தால், அதுவே மூளைக்குச் செய்தி சொல்லித் தன் ஊற்றை அடைக்கும். சூடேறியதும் இஸ்திரிப்பெட்டி தானே அணைகிறதே, அதுபோல. இயற்பியலில் இதைப் பின்னூட்டம் என்போம்.

மறுநாள் குகேஷ் மீண்டும் பலகைமுன் அமர்ந்தார். ஆட்டத்தைச் சமன் செய்தார். முதல் பலகைக்கான தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது.