ஆறாண்டு தமிழ், பிறகு மலாய்

மலேசியாவில் தொடக்கப்பள்ளி ஆறாண்டு. தேசியப் பள்ளியில் மலாய், சீனப்பள்ளியில் மாண்டரின், தமிழ்ப்பள்ளியில் தமிழ் பயிற்றுமொழி. மூன்றுக்கும் அரசுப் பாடத்திட்டம்தான். தமிழ்நாட்டாருக்கு வியப்பு அடுத்த படியில்: அரசு இடைநிலைப்பள்ளியில் தமிழ்வழியே கிடையாது. மலாய் போதாத பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுத்தான் இடைநிலையின் முதல் படிவம் ஏறவேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் எஸ்பிஎம் தேர்வு. அதில் தமிழை ஒரு பாடமாக எழுதலாம்.

பேராக் மாநிலத்தில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பல, ரப்பர் தோட்டத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்தவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போ நகர்ப்பக்கம் பெயர்ந்தன. நிலம் இன்னும் தோட்டத்துடையது என்றால் பள்ளி 'பகுதி உதவி' பெறுவதாகவே நீடிக்கும்: ஆசிரியர் சம்பளம் அரசுடையது, ஒழுகும் கூரை பெரும்பாலும் பள்ளி வாரியத்தின் தலைவலி.