தாதியின் அத்தாட்சிப் பத்திரம்

நடுநிசியில் வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி, ஊசி மருந்துடன் வந்து நிற்கும் நர்ஸைப் பார்த்து, "அம்மா, தாங்கள் எங்கே படித்தீர்கள்? எந்தப் பரீக்ஷையில் தேறினீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்கக்கூடிய நிலையில் அவன் இருந்தால் அந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டான். அவனுக்குப் பதிலாக வேறொருவர் அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, விடையின் உண்மையையும் ஆராய்ந்து வைத்திருக்க வேண்டும். நர்ஸ் படித்த தேசம் ஒன்று, வேலை பார்க்கும் தேசம் மற்றொன்று என்று ஆகிவிட்டால் இந்தக் காரியம் எவ்வளவு சிக்கலாகிறது என்பதைப் பிலிப்பைன்ஸ் தீவுகளின் நர்ஸுகளுடைய சரித்திரத்திலிருந்து நன்கு அறியலாம்.

ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவுகளை அமெரிக்கா கைப்பற்றியது 1898-ஆம் வருஷத்தில். சில வருஷங்களுக்குள்ளேயே அங்கே அமெரிக்க முறையில் வைத்தியசாலைகளும், அவற்றை ஒட்டி நர்ஸ் பள்ளிக்கூடங்களும் தோன்றின. இலோய்லோ நகரத்து மிஷன் வைத்தியசாலையின் பள்ளி 1906-ல் ஏற்பட்டது. பாடங்கள் யாவும் இங்கிலீஷில். பாட முறையும் அமெரிக்காவினுடையது. ஆளவந்தவர்கள் தங்கள் சௌகரியத்துக்காகக் கற்பித்த கல்வி, பின்னால் அவர்கள் வாசற்படியிலேயே வந்து வேலை கேட்டது என்றால் அதில் வியப்பென்ன? 1946-ல் தீவுகள் சுதந்திரம் அடைந்தன. 1948-ல் அமெரிக்கா தொடங்கிய பரிவர்த்தனைத் திட்டத்தின் கீழ் நர்ஸுகள் பயிற்சிக்கென்று அங்கே போகலானார்கள். 1965-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு நிரந்தரமாய்த் தங்குவதற்கே போனார்கள். பிறகு அரபு நாடுகள், கானடா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி என்று வழிகள் பல திறந்தன. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில், கோவிட் நோய்க்கான பொதுஜனத் தடுப்பூசித் திட்டத்தின் முதல் ஊசியைத் தொண்ணூறு வயதான ஒரு மூதாட்டிக்குப் போட்ட மே பார்சன்ஸ் என்ற நர்ஸும் பிலிப்பைன்ஸிலிருந்து சென்றவரே.

ஆரம்பத்தில் அமெரிக்காவில் இந்தச் சோதனை தலைகீழாகவே நடந்தது. முதலில் கப்பல் ஏற்றிக் கொண்டுபோய், பிறகு பரீக்ஷை வைத்தார்கள். அயல்நாட்டு நர்ஸுகளில் பெரும்பாலோர் அந்த ராஜ்யங்களின் லைசென்ஸ் பரீக்ஷையில் முதல் தடவையில் தேறவில்லை. தேறாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்றால், அதுதான் இல்லை. உதவியாளர் என்ற பெயரும் உதவியாளர் சம்பளமும் கொடுத்து, பல இடங்களில் நர்ஸின் வேலையையே வாங்கிக் கொண்டார்கள்! இதனால் நோயாளிக்கும் பாதுகாப்பில்லை, நர்ஸுக்கும் நியாயமில்லை.

இந்த நிலையை மாற்றவே 1977-ல் பிலடெல்பியா நகரத்தில் அயல்நாட்டு நர்ஸ் பட்டதாரிகளுக்கென்று ஒரு ஆணைக்குழு ஸ்தாபிக்கப்பட்டது. சி. ஜி. எப். என். எஸ். என்று எழுத்துச் சுருக்கத்தால் வழங்கி வந்த அந்த ஸ்தாபனம், 2025-ல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக் கொண்டது. ஒரு பெண் தன் வீட்டையும் குழந்தைகளையும் விட்டுப் புறப்படுவதற்கு முன்னால், அவள் சொந்த தேசத்திலேயே ஒரு முன்பரீக்ஷை வைத்து, அமெரிக்காவில் தேறக்கூடியவளா என்று பார்த்துவிடுவது அதன் முதல் நோக்கம். 1996-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அயல்நாட்டு நர்ஸின் கல்வி அமெரிக்கக் கல்விக்கு ஒப்பானதா, லைசென்ஸ் குற்றங்குறை இல்லாததா, இங்கிலீஷ் ஞானம் போதுமா, தொழிலறிவு பரீக்ஷையில் நிரூபணமாயிற்றா என்று பார்த்துச் சான்று அளித்தாலொழிய, வேலை பார்ப்பதற்கான விசா கிடைக்காது என்று அது விதித்தது.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நர்ஸ் தன் கையாலேயே நீட்டும் பத்திரத்துக்கு இந்த விசாரணையில் மதிப்புக் கிடையாது! அவள் படித்த கல்லூரி, மதிப்பெண் விவரங்களை முத்திரையிட்ட உறையிலோ, வேறு நேர் வழியிலோ தானே அனுப்ப வேண்டும். லைசென்ஸைப் பற்றி, அதைக் கொடுத்த மணிலாவின் தொழில் ஒழுங்கு ஆணையம் நேரே சாட்சி சொல்ல வேண்டும். துபாய், கத்தார், ஸவூதி அரேபியா முதலிய இடங்களில் டேட்டாஃப்ளோ என்ற கம்பெனி இவ்விதமே பத்திரத்தின் பிறப்பிடத்துக்கே போய் விசாரிக்கிறது. அயல் தேசங்களுக்குப் போகும் பத்திரங்களில் பிலிப்பைன்ஸ் வெளிநாட்டு இலாகா முன்னெல்லாம் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி முத்திரை வைத்து வந்தது. 2019 மே 14-ஆம் தேதியிலிருந்து, பல தேசங்கள் சேர்ந்து செய்து கொண்ட உடன்படிக்கைப்படி, அபோஸ்டில் என்ற ஒரே சான்று போதும் என்று ஆயிற்று. ஆனால் ரிப்பனும் முத்திரையும் கையெழுத்து மெய் என்றுதான் சொல்லும். படிப்பு மெய் என்று சொல்லாது. வருஷந்தோறும் பள்ளிக்கூடத்தில் கத்தை கத்தையாய்ப் பத்திரங்களில் கையெழுத்திடும் நமக்கு இந்த வித்தியாசம் நன்றாய்ப் புரிகிறது.

முறை சரியானதுதான். எனினும் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். கட்டணம் நர்ஸுடையது. கல்லூரிக் குமாஸ்தா பதில் எழுதத் தாமதித்தால் வீணாகும் மாதங்களும் அவளுடையவை. 2000-க்குப் பிறகு வெளிநாட்டு வேலையை நம்பி அத்தீவுகளில் நர்ஸ் கல்லூரிகள் மழைக்காலத்துக் காளான்களைப் போல் முளைத்து நானூறுக்கு மேலாகப் பெருகின. அவற்றில் சில மூடப்பட்டும் போயின. மூடிய கல்லூரியில் படித்தவள், தன் பதிவேடு எந்தக் காரியாலயத்து அலமாரியில் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியவளாகிறாள். ஒரு பொய்யும் சொல்லாதவளுக்கு இந்தத் தண்டனை!

இவற்றையெல்லாம்விடப் பெரிய சோதனை 2006-ல் வந்தது. பிலிப்பைன்ஸ் சட்டப்படி, நர்ஸ் லைசென்ஸ் பரீக்ஷையில் சராசரி நூற்றுக்கு 75 வாங்க வேண்டும். எந்தப் பகுதியிலும் 60-க்குக் குறையக் கூடாது. ஐந்து பகுதிகள் கொண்ட அந்தப் பரீக்ஷை அவ்வருஷம் ஜூன் 11, 12 தேதிகளில் நடந்தது. எழுதியவர்கள் 42,000 பேருக்கு மேல்; தேறியவர்கள் சுமார் 17,000 பேர். மூன்றாம், ஐந்தாம் பகுதிகளின் வினாக்கள் முன்னதாகவே சில தனிப்பயிற்சி நிலையங்களில் உலவின என்ற செய்தி வெளியாயிற்று. வெளிப்படுத்தியவர்கள் யார் தெரியுமா? பாகியோ மலை நகரத்தில் அதே பரீக்ஷையை எழுதிய சிலரே! தங்கள் சொந்த லைசென்ஸுக்கே ஆபத்து வரும் என்று தெரிந்தும் அவர்கள் வாய் திறந்தார்கள். தோழர்களில் பலர் அவர்களை வாழ்த்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உள்நாட்டில் மாதக்கணக்கில் வழக்கும் வாதமும் நடந்தன. இதற்கிடையில் 2007 பிப்ரவரியில் பிலடெல்பியா ஆணைக்குழு தன் தீர்மானத்தை வெளியிட்டது. அந்தப் பரீக்ஷையில் தேறியவர்கள் கசிந்த இரண்டு பகுதிகளுக்கு ஈடான பகுதிகளை மறுபடி எழுதித் தேறினாலொழிய, அமெரிக்க விசாவுக்கான சான்று அவர்களுக்கு இல்லை! வினாத்தாளைத் திருட்டுத்தனமாய்ப் பார்த்தவளும், மண்ணெண்ணெய் விளக்கில் கண் விழித்துப் படித்தவளும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். இது அநீதி என்று அன்று பலர் கூறினார்கள். ஆனால் பரீக்ஷை நடத்திப் பழகிய நமக்கு வேறு வழி தோன்றவில்லை. கசிந்த வினாத்தாளுக்கு எழுதிய விடைகளில் எது சொந்த அறிவு, எது இரவல் என்று பிரித்துக் காட்டும் தராசு எந்தப் பரீக்ஷகரிடமும் கிடையாது. குற்றம் தாளைக் கசிய விட்டவர்களுடையது. மறுபடி எழுதும் பாரம் மட்டும் பெண்களுடையதாயிற்று.

பொய்ப் பத்திரம் ஏழைத் தேசங்களிலிருந்துதான் வரும் என்று ஒரு எண்ணம் செல்வ நாடுகளில் உண்டு. அதற்கு மறுமொழி 2023 ஜனவரியில் அமெரிக்காவிலேயே கிடைத்தது. ப்ளோரிடா ராஜ்யத்தில் மூன்று நர்ஸ் பள்ளிகளின் பெயரால் 7,600-க்கு மேற்பட்ட போலி டிப்ளமாக்கள் விற்கப்பட்டன என்று அந்நாட்டுச் சர்க்காரே 25 பேர் மீது வழக்குத் தொடர்ந்தது. மணிலாவிலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் விளக்கைப் பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்த வேளையில், கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

ஜப்பானில் இடையூறு வேறு விதமானது. இரு தேசங்களின் உடன்படிக்கைப்படி 2009-ல் பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் அங்கே சென்றார்கள். பத்திரங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானிய மொழியில், ஜப்பானியரோடு சேர்ந்து, தேசிய பரீக்ஷையை எழுத வேண்டும் என்று நிபந்தனை. 2010-ல் இந்தோனேஷியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களுமாக 254 பேர் எழுதினார்கள், தேறியவர்கள் மூவர். அவர்களில் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர்தான். படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்தவளுக்கு, ‘படுக்கைப் புண்’ என்பதற்குரிய சித்திர எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. ஜப்பானியரே அது கடினமான எழுத்து என்று ஒப்புக் கொண்டார்கள். பின்னர் எழுத்துக்களின் மேல் உச்சரிப்பைக் குறித்துக் காட்டியும், நேரத்தை அதிகப்படுத்தியும் கொடுத்தார்கள். நோயாளியின் மொழி தெரியாமல் சிகிச்சை இல்லை என்பது மெய்யே. ஆயினும் மொழிச் சோதனை ஒன்று, தொழிற் சோதனை மற்றொன்று என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

கானடாவின் கதை இன்னும் வருத்தமானது. 1992 முதல் 2014 வரை அங்கே நடந்த ஒரு திட்டத்தின்படி, முதலாளியின் வீட்டிலேயே தங்கிக் குழந்தைகளையும் முதியோரையும் இரண்டு வருஷம் பராமரித்தால் நிரந்தரக் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். அப்படிச் சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். லைசென்ஸ் பெற்ற நர்ஸுகளும் அவர்களில் பலர். இரண்டு வருஷம் கழித்து அவர்கள் நர்ஸ் பதிவுக்கு மனுச் செய்தபோது, கல்லூரியிலிருந்து பதில் வந்தது. மணிலாவிலிருந்து பதில் வந்தது. பத்திரங்கள் எல்லாம் மெய் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு கேள்வி: "சமீப காலத்தில் நர்ஸாக வேலை பார்த்ததுண்டா?" முதியவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்த அந்த வருஷங்கள் கணக்கில் சேரவில்லை.

2023 மார்ச் மாதத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து நர்ஸ் கல்லூரி, பிலிப்பைன்ஸ், இந்தியா, நைஜீரியா முதலிய ஏழு தேசங்களில் பதிவு பெற்ற நர்ஸுகளுக்கு நீண்ட கல்வி ஒப்பீட்டைத் தள்ளிவிட்டு, லைசென்ஸையும் பரீக்ஷையையும் மட்டும் பார்த்துப் பதிவு செய்வது என்று தீர்மானித்தது. அடுத்த மாதமே ஆல்பெர்ட்டா மாகாணமும் அதே வழியில் இறங்கியது. பத்து, பதினைந்து வருஷங்களாகப் பிறர் வீட்டுச் சமையலறையில் நின்று கொண்டு, பெட்டியின் அடியில் லைசென்ஸைப் பத்திரமாய் வைத்திருந்த பெண்கள், அதை எடுத்துத் தேதியைப் பார்த்திருப்பார்கள்.